மூச்சைக் காவும் இரும்பு

குகதாசன் அண்ணையின் பட்டறையில் இரும்பு தேய்க்கிற கிரைண்டரைப் பிடிப்பது அவர். இரும்பை அளந்து வெட்டித் துளைப்பது நான். வெல்டிங் செய்து ஒட்டுவது அவருடைய மனைவி சிவமலர் அக்கா.

பட்டறை லண்டனில், செவன் கிங்ஸில், றெயில் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு யார்ட்டுக்குள் இருக்கிறது. தகரக் கூரை. ஒரு மூலையில் மழை ஒழுகும். அங்கே வாளி வைத்திருக்கிறோம். குளிர்காலக் காலையில் கதவைத் திறந்தால் வெளியைவிட உள்ளே குளிராக இருக்கும். இரவு முழுவதும் இரும்பு குளிரைக் குடித்து வைத்திருக்கும். வெறுங்கையால் கம்பியைத் தூக்க ஏலாது. அண்ணை முதலில் கேத்திலைப் போடுவார், பிறகு றேடியோவை, கடைசியாக மெயின் சுவிச்சை.

வீட்டு வாசலுக்குக் கேற், வேலி, மாடிப்படிக் கைபிடி, கடைகளுக்குக் கம்பிக் கதவு. இதுதான் வேலை. எடுக்க வருகிறவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு ஒட்டைத் தடவிப் பார்ப்பார்கள். அக்காவின் ஒட்டு அப்படி. ஒரே அளவான செதில்கள், மீனின் முதுகு போல, ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். தடவிவிட்டு அண்ணையைப் பார்த்து, நல்ல கை என்பார்கள். அண்ணை உடனே திருத்துவார்.

"என்ரை கை இல்லை. மனிசியின்ரை கை."

சொல்லும்போது அவருடைய தோள் சற்று உயரும். வந்தவர்கள் திரும்பி, முகமூடிக்குள் குனிந்திருக்கும் உருவத்தை இரண்டாம் தரம் பார்ப்பார்கள். அக்கா நிமிரமாட்டா. ஆனால் கேட்டிருப்பா.

அவ ஒட்டப் பழகியது ஜேர்மனியில். அண்ணை வேலை செய்த இரும்புத் தொழிற்சாலையில் அவ கூட்டித் துடைக்கப் போனவ. துடைத்துக்கொண்டே பார்த்திருக்கிறா. ஒரு நாள் போர்மனிடம் போய், அந்தக் கம்பியை என்னிடம் தா என்று அரைகுறை ஜேர்மனில் கேட்டிருக்கிறா. அவன் சிரித்துவிட்டுக் கொடுத்தானாம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தினானாம். பிறகு சோதனை எழுதி, ஜேர்மன் மொழியிலேயே எழுதி, சான்றிதழ் எடுத்தா. அண்ணை அதே சோதனையில் இரண்டு முறை தவறியவர். இதையும் வருகிறவர்களுக்கு அவரே சொல்லுவார். லண்டனுக்கு மாறி வந்தபோது சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து பட்டறைச் சுவரில் மாட்டியவரும் அவர்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவன். றொஷானியைக் கட்டி லண்டனுக்கு வந்தேன். றொஷானி இறந்துவிட்டாள். மூளையில் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது. அதற்குப் பிறகு குகண்ணை என்னைத் தங்கள் வீட்டு மேலறைக்குக் கூட்டிவந்தார். பட்டறைக்கும் வா என்றார். வந்தேன்.

அந்தக் குளிர்காலம் வெம்பிளியிலிருந்து வைத்தியநாதன் என்பவர் ஒரு இரட்டைக் கேற்றுக்குச் சொல்லியிருந்தார். மேலே நெற்கதிர்கள் வளைந்து நிற்க வேண்டும், கீழே நேர்க்கம்பிகள். அக்கா முதலில் கேற் திறந்து மூடுகிற பிணைச்சல்களை ஒட்டினா. அவை உருக்கு வார்த்தது போல நின்றன. பிறகுதான் ஏதோ மாறத் தொடங்கியது.

ஒரு கம்பி ஒட்டுவா, முகமூடியைத் தூக்குவா, கவிழ்த்த வாளியில் இருப்பா. காஸ் மூட்டமாக இருக்கிறது என்று சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்லுவா. குளிர் உள்ளே வரும். வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்ரேசன் படியில் ஏறும்போது நடுவில் நின்று கைப்பையைத் திறந்து எதையோ தேடுவா. பையில் ஒன்றும் தேடவில்லை என்று எனக்குத் தெரியும்.

பச்சையரிசி தின்பதும் கூடிவிட்டது. வேலைச் சட்டைப் பையில் ஒரு பிடி இருக்கும். வாய் அரைத்துக்கொண்டே இருக்கும். அண்ணைக்கு அது பழைய பகிடி.

"பார் தம்பி, எங்கடை கலியாணத்தண்டு காலமை தொடங்கின மழை. பொம்பிளையின்ரை காரைத் தள்ளித்தான் கொண்டு வந்தவங்கள். எல்லாம் இவ தின்ட அரிசி."

"உங்களுக்குக் கழுத்தை நீட்டப்போறன் எண்டு வானம் அழுதது," என்றா அக்கா. "அரிசியிலை ஏன் பழியைப் போடுறியள்?"

கீழ்ச் சட்டத்து ஒட்டுகளை நான்தான் முதலில் கண்டேன். செதில் இல்லை. ஒரு இடத்தில் குமிழ், ஒரு இடத்தில் ஓட்டை, கோடு குடித்தவன் நடை போலப் போயிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்கு அப்போது சுலபமாக இருந்தது.

அண்ணையும் கண்டார். அக்கா சமைக்க வீட்டுக்குப் போன பின்னேரம், காரில் அடிபட்ட இடத்துக்குப் பூசுகிற பில்லர் பசையை எடுத்துவந்தார். ஓட்டைகளை அடைத்தார். காய்ந்ததும் தேய்க்கிற தாள் போட்டு மினுக்கினார். பெயின்ற் அடி என்றார். அவளுக்குச் சொல்லாதை என்றும் சொன்னார். அவருடைய கண் சிவந்திருந்தது. தூசியாகவும் இருக்கலாம். நான் இரண்டு பூச்சுக் கறுப்பு அடித்தேன். கேற் வடிவாகத்தான் இருந்தது. மறுநாள் வெம்பிளியில் கொண்டுபோய்ப் பொருத்தினோம். வைத்தியநாதன் ஒட்டைத் தடவிப் பார்த்து, நல்ல கை எண்டு உங்கடை மனிசிக்குச் சொல்லுங்கோ என்றார். அண்ணை தலையை ஆட்டினார். தோள் உயரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தா. வெளியே தூறல். அடுப்பங்கரைக் கண்ணாடி ஆவியில் வெளுத்திருந்தது. இரண்டு தட்டுப் பிழிந்தா. மூன்றாவதில் உரலைப் பிடித்தபடி நின்றுவிட்டா. அண்ணை உரலை வாங்கிப் பிழிந்தார். பிழிந்துகொண்டே சொன்னார். அப்டன் பார்க்கில் மேர்வின் என்று ஒரு பெடியன் இருக்கிறான், நல்லா ஒட்டுவான், அவனை வரச் சொல்லலாம். நீ பெயின்ற்றைப் பார், வாற ஆக்களோடை கதை, அது போதும்.

அக்கா கையைக் கழுவினா. துடைத்தா.

"என்ரை வெல்டிங் ரோர்ச்சை இன்னொருத்தன் பிடிக்கிறதோ?"

"உனக்கு ஏலாமல் இருக்கெல்லே."

"எனக்கு என்ன ஏலாமல் கிடக்கு?"

அண்ணை இடியப்பத்தைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டுமென்றால் பில்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா தான் டொக்டரிடம் போய் வருவதாகச் சொன்னா. நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்று அந்த ஆளின் வாயால் கேட்டுவந்து சொல்லுவேன், அதற்குப் பிறகு மேர்வின் கதை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்றா. ஜதுர்ஷிகா, மகள், கூட வரட்டுமா என்று கேட்டாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிறவள். சின்ன வயதிலிருந்து கவுன்சிலுக்கும் பாங்குக்கும் தாய்க்காகக் கதைத்தவள். வேண்டாம் என்றா அக்கா. தனியாகப் போனா.

வந்து சொன்ன கதையில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். டொக்டர் தமிழை மொழிபெயர்க்க ஒரு ஆளைப் போனில் எடுத்து, போனை மேசையில் வைத்தாராம். இந்தியாப் பெடியன். வணக்கம் அம்மா, சொல்லுங்க என்றானாம், நல்ல மரியாதையாம். இவ சொல்ல அவன் இங்கிலீசில் சொல்ல, டொக்டர் உடனே எழுந்து இவவைத் தராசில் ஏற்றினாராம். கொம்பியூட்டரில் பழைய நிறையைப் பார்த்தாராம். பிறகு சிரித்துக்கொண்டு, குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்றாராம். வீட்டில் யோசனை, கவலை ஏதாவது உண்டா என்றும் கேட்டாராம்.

"நான் என்ன சொன்னாலும் நிறுத்துப் பாக்கிறதுதான் இவங்கடை வைத்தியம் போலை," என்றா அக்கா. "பல்லுக் கொதி எண்டு போனாலும் தராசிலை ஏத்துவாங்கள்."

"அப்ப வருத்தம் ஒண்டும் இல்லையாமோ?" என்று அண்ணை கேட்டார்.

"ஒண்டும் இல்லையாம்."

அண்ணைக்குச் சந்தோசப்படவும் தெரியவில்லை. வருத்தம் என்றால் மருந்து இருக்கும் என்று நினைத்திருந்தார் போல.

"வருத்தம் இல்லையெண்டால் பேந்தென்ன," என்றார். "பஞ்சிதான்."

எங்கள் ஊர்ச் சொல். சோம்பல் என்று அர்த்தம். வேலைக்குக் கள்ளம் அடிக்கிறவர்களைச் சொல்வது. அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினா. அவ இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மற்ற நாள் அவ பட்டறைக்கு வரவில்லை. அதற்கு மற்ற நாளும் இல்லை. முகமூடி ஆணியில் தொங்கியது. அண்ணை ஒரு கைபிடியைத் தானே ஒட்டிப் பார்த்துவிட்டு, கிரைண்டரால் அறுத்துத் தூரப் போட்டார். மேர்வினுக்குப் போன் எடுத்தார். திங்கட்கிழமை வரலாம் என்று அவன் சொன்னான்.

நான் துளைபோட்டுக்கொண்டிருந்தேன். துளைபோடும்போது எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் அலகு சூடேறும். எண்ணெய்ப் போத்தலை எடுக்கத் திரும்பியபோது றொஷானி ஞாபகத்துக்கு வந்தாள். வருகிறவள்தான். ஆனால் இந்த முறை சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் வெம்பிளியில் ஒரு பார்மசியில் வேலை செய்தவள். கூட வேலை செய்த சென்னைப் பெண் ஒரு நாள் அவளிடம், என்ன றொஷானி, ரொம்ப இளைச்சிட்டீங்க என்றாளாம். இவள், இல்லையே, நான் மெதுவாகத்தானே வந்தேன், எனக்கு இளைக்கவில்லை என்றாளாம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டினாள்.

நான் மெசினை நிறுத்தினேன். அண்ணையிடம் வாறன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது. ஓடவில்லை. ஆனால் நடை வேகமாக இருந்தது.

அக்கா முன்னறையில் கோட்டுடன் இருந்தா. ஹீற்றர் போட்டிருந்தது. மடியில் ஒரு கோப்பை அரிசி. என்னைக் கண்டதும் கோப்பையைக் குசனுக்குப் பின்னால் தள்ளினா.

"அக்கா, அந்தப் போன் பெடியனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஏன்?"

"சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ."

"எனக்கு இளைக்குது எண்டு சொன்னன். படி ஏற இளைக்குது, நிண்டு வேலை செய்ய இளைக்குது எண்டு."

"அவங்கடை தமிழிலை இளைக்கிறது எண்டால் மெலியிறது."

அக்கா என்னைப் பார்த்தா.

"மூச்சு வாங்குது எண்டு சொல்லியிருக்க வேணும். நீங்கள் மெலிஞ்சு போறியள் எண்டு அவன் டொக்டருக்குச் சொல்லியிருக்கிறான். அதுதான் தராசிலை ஏத்தினவர்."

அக்கா குனிந்து தன் உடம்பை ஒருமுறை பார்த்தா.

"இந்த உடம்போடை மெலிஞ்சு போறன் எண்டு சொன்னால் அந்த டொக்டர் என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பார்?"

சிரிக்கத் தொடங்கினா. நானும் சிரித்தேன். தொடர்ந்து சிரிக்க அவவுக்கு ஏலவில்லை. மூச்சு எட்டவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாயால் காற்றை இழுத்தா. உதடு வெளுத்திருந்தது. அந்த நிறத்தை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினோம்.

"உனக்கெப்பிடி இது தெரியும்?"

"றொஷானி சொன்னவள்."

அந்த வீட்டில் அவள் பெயரை நான் சொல்லியது அதுதான் முதல் தரம். அக்கா குசனுக்குப் பின்னாலிருந்து அரிசிக் கோப்பையை எடுத்து வெளியே மேசையில் வைத்தா.

"ஜேர்மன்காரன் ஒருத்தனைப் போனிலை கேட்டிருந்தால் நான் வடிவாச் சொல்லியிருப்பன்," என்றா. "தமிழன் எண்டு நம்பிக் கெட்டன்."

பிறகு குரலைத் தணித்து, வேறொன்றும் இருக்கிறது, அதை ஆம்பிளைக் குரலுக்குச் சொல்ல வாய் வரவில்லை, உனக்கும் சொல்ல ஏலாது, ஜது வரட்டும் என்றா.

ஜது வந்தாள். தாயும் மகளும் மேலே போய்க் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஜதுவின் சத்தம் கேட்டது. இங்கிலீசில் ஏசினாள். நடுவில் அம்மா, அம்மா என்று மட்டும் தமிழ். மாதம் மாதம் இவ்வளவு இரத்தம் போவதை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்பதுதான் ஏச்சு என்று படியில் நின்ற எனக்கும் அண்ணைக்கும் விளங்கியது. அண்ணை கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கைபிடியும் அக்கா ஒட்டியது.

இந்த முறை ஜது கூடப் போனாள். இரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் நாளே போன் வந்தது. உடம்பில் இரும்பு இல்லை. கொஞ்சம் குறைவு என்றில்லை, தொட்டியின் அடி தெரிகிறது என்று ஜது சொன்னாள். பச்சையரிசி ஆசையும் இரும்புக் குறைவால் வருவதுதானாம். ஆஸ்பத்திரியில் இரும்பை நேரே நரம்பில் ஏற்ற வேண்டும், இரத்தப் போக்குக்கும் மருந்து உண்டு.

அக்காவுக்கு வருத்தத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது.

"வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. இவ்வளவு காலமும் இரும்புக்குள்ளை நிக்கிறவளுக்கு இரும்பு காணாதாம். சனம் சிரிக்கும்."

அண்ணை பஞ்சி என்ற அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அப்டன் பார்க்குக்குப் போய் ஆட்டீரலும் முருங்கையிலையும் குரக்கன் மாவும் வாங்கிவந்தார். அடுத்த நாளும் வாங்கிவந்தார். மேசையில் இருந்து முருங்கையிலை உருவினார். காம்பு ஒன்றும் வராமல், கிரைண்டர் பிடிக்கிற அந்தக் கையால். அக்காவுக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது, அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும் என்று ஜது சொல்லியிருந்தாள். அண்ணை தானும் குடிக்காமல் விட்டார்.

அந்த மேசையில்தான் அக்கா என்னைக் கேட்டா. நீ படிச்சனி, சொல்லு, ஒரு ஆளுக்குள் எவ்வளவு இரும்பு இருக்கும்?

"ஒரு ரண்டரை அங்குல ஆணி," என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"ஒரு ஆணிக்கோ இவ்வளவு கூத்து," என்றார் அண்ணை.

"அந்த ஆணிதான் மூச்சைக் காவுறது, அண்ணை. நெஞ்சுக்குள்ளை வாற காத்தை ரத்தத்திலை இருக்கிற இரும்புதான் பிடிச்சுக்கொண்டு போய்க் கைக்கும் காலுக்கும் குடுக்கும். ஆணி தேஞ்சு போச்செண்டால் எவ்வளவு காத்தை இழுத்தும் பிரயோசனம் இல்லை. அதுதான் அக்காவுக்கு இளைச்சது."

"பட்டறையிலை கிடக்கிற இரும்பும் இதுவும் ஒண்டோ?" என்று அக்கா கேட்டா.

"ஒண்டுதான். கேற்றும் காத்தைப் பிடிக்கும். அதுதான் துரு. ஆனால் கேற்றிலை இருக்கிற இரும்பு பிடிச்சால் விடாது. ரத்தத்திலை இருக்கிறது பிடிச்சதைக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டுத் திரும்ப வரும்."

"கேற்றிலை இருக்கிறது உங்கடை அம்மா மாதிரி," என்று அக்கா அண்ணையிடம் சொன்னா. அண்ணை முருங்கையிலையைப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

இந்த இரும்பெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்றும் கேட்டா. நான் சொன்னேன். பூமியில் உண்டாகவில்லை. நட்சத்திரத்துக்குள் உண்டானது. பெரிய நட்சத்திரம் தனக்குள் இருப்பதை எரித்து எரித்துப் பாரமானதாக மாற்றிக்கொண்டு போகும். இரும்பு வந்ததும் நின்றுவிடும். இரும்பை எரித்து ஒரு சூடும் எடுக்க ஏலாது. அதோடு அந்த நட்சத்திரம் இடிந்து வெடிக்கும். சிதறியதுதான் பூமியின் நடுவிலும், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும், எங்கள் கம்பியிலும், அக்காவின் இரத்தத்திலும் இருப்பது. நான் இவ்வளவு நீளமாகக் கதைத்து நாளாகியிருந்தது.

அக்கா யோசித்தா.

"அப்ப நட்சத்திரத்தாலையும் அதை எரிக்க ஏலாதெண்டுறாய்."

"ஓம்."

"நான் உருக்கி ஒட்டுறன்," என்றா.

அது வேறு, இது வேறு என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.

இரும்பு ஏற்றும் நாள் பட்டறை வான் வண்டியை நான்தான் ஓட்டினேன். ஆஸ்பத்திரிக் கதவுக்குள் போக எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. போனேன். தொங்கிய மருந்துப் பையில் இருந்தது கடும் மண்ணிறத் தண்ணீர். துருத்தண்ணி என்றா அக்கா. பட்டறை வாளியில் நிற்கிறது இதுதானே, அதையே குடித்திருக்கலாம் என்று ஜதுவிடம் சொல்லி நேர்சுக்கு மொழிபெயர்க்கச் சொன்னா. ஜது மொழிபெயர்த்தாள். நேர்ஸ் சிரித்தா. துளித் துளியாக இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தா. ஒட்டும்போது பார்ப்பது போல, கண் வெட்டாமல்.

மேர்வின் சொன்னபடி அந்தத் திங்கட்கிழமை வந்து ஒரு கிழமை வேலை செய்திருந்தான். தங்கமான பெடியன். ஒட்டும் பரவாயில்லை. பிறகு தன் பழைய வேலைக்குப் போய்விட்டு, நிரந்தரமாக வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும், ஆனாலும் இனி ஒட்ட வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டா.

பங்குனியில் வெயில் வந்தது. லண்டன் வெயில், வெளிச்சம் மட்டும். அக்கா அரிசி தின்பதை விட்டிருந்தா. விட்டதை அவவே கவனிக்கவில்லை, ஜதுதான் சொன்னாள். ஒரு நாள் ஸ்ரேசன் படியில் எனக்கு முன்னால் ஏறிப்போய், மேலே நின்று, என்ன தம்பி உனக்கு இளைக்குதோ என்று கேட்டா.

அன்றைக்கே பட்டறைக்கு வந்து முகமூடியை எடுத்தா. போட்டுக்கொள்ளவில்லை. கையில் வைத்துக்கொண்டு அண்ணையைக் கேட்டா.

"வெம்பிளிக் கேற்றிலை கீழ்ச் சட்டம் எப்பிடி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது."

"அந்தக் கிழமை எனக்குக் கை நடுங்கினது. கண்ணுக்கு முன்னாலை பூச்சி பறந்தது. அது எப்பிடி நல்லா இருக்கும்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் பெயின்ற் பேணிகளைப் பார்த்தேன்.

"வானை எடு, தம்பி," என்றா அக்கா.

வைத்தியநாதன் வீட்டில் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் வெல்டிங் செற்றோடு வந்து நிற்பதைக் கண்டு செருப்புப் போடாமல் வெளியே வந்தார். அக்கா குந்தியிருந்து வீட்டுத் திறப்புச் சாவியால் கீழ்ச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனா. இரும்பு கிண்ணென்றது. ஒரு இடத்தில் பொத்தென்றது. அடுத்ததும் பொத்தென்றது. திறப்பின் நுனியால் சுரண்டினா. கறுப்புப் பெயின்ற்றுக்குக் கீழே வெள்ளையாக பில்லர் உதிர்ந்தது. அவ அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தா. அண்ணையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வைத்தியநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேற் நன்றாகத்தானே திறந்து பூட்டுகிறது, வடிவாகவும் இருக்கிறது, எதற்குச் சுரண்டுகிறீர்கள் என்றார். அண்ணை முன்னால் வந்தார்.

"அந்தப் பக்கம் நான் ஒட்டினது, ஐயா. பிழைச்சுப் போச்சு. அதுதான் திருத்த வந்தனாங்கள்."

நல்ல ஒட்டையெல்லாம் மனிசிக்குக் கொடுத்த மனிதர். கெட்ட ஒட்டைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். தெருவில் ஒரு பஸ் போனது. அக்கா விரலில் இருந்த பில்லர் தூளைத் தட்டினா.

"பொய் சொல்லுறார்," என்றா. "அவர் ஒட்டினால் இதைவிட மோசமா இருக்கும். இது நான் ஒட்டினது. எனக்கு அப்ப வருத்தம். ரத்தத்திலை இரும்பு இல்லாமல் ஒட்டினனான். இப்ப இருக்கு."

வெளியே சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டவ. சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றா. வைத்தியநாதன் அவவையும் கேற்றையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள்ளிருந்து கரண்டுக்கு வயர் இழுத்துத் தந்தார்.

கிரைண்டரை அக்காவே பிடித்தா. தன் ஒட்டுகளைத் தானே அறுத்தா. பொறி நடைபாதைவரை பறந்தது. நாயோடு போன ஒரு வெள்ளைக்காரி எதிர்ப் பக்கம் மாறிப் போனா. பில்லர் தூளாகவும் இரும்பு தூளாகவும் கொட்டியது. சுத்தமான இரும்பு தெரிந்ததும் கிரைண்டரை என்னிடம் தந்துவிட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டா. ஏர்த் கிளாம்பை யாராவது கம்பியில் கவ்வ வேண்டும். நான் குனிந்தேன். அண்ணை என்னைத் தள்ளிவிட்டுத் தானே எடுத்துக் கவ்வினார். கவ்வியதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"பிடி," என்றார்.

வெளிச்சம் எழுந்தது. நானும் வைத்தியநாதனும் முகத்தைத் திருப்பினோம். அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். அடுப்பில் எண்ணெய் கொதிக்கிற மாதிரி, ஒரே சீராக, எங்கேயும் அறாமல். அண்ணையின் போன் அடித்தது. மேர்வின். அண்ணை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தார்.

"இல்லை, தம்பி. குறை நினையாதை. இஞ்சை ஒட்டுறதுக்கு ஆள் இருக்கு."

சட்டம் முடிந்தது. அக்கா எழுந்து முகமூடியைத் தூக்கினா. நெற்றியில் வியர்வை. மூச்சு சாதாரணமாக வந்தது. நான் கம்பித் தூரிகையால் ஒட்டின்மேல் படிந்த கழிவைத் தட்டினேன். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நீலமும் மண்ணிறமுமாக, இன்னும் சூட்டோடு கிடந்தன. வைத்தியநாதன் தொடக் கையை நீட்டினார். சுடும் என்றா அக்கா.

நான் வானிலிருந்து பெயின்ற் பேணியை எடுத்துவந்து மூடியை நெம்பினேன்.

"வை, தம்பி. நாளைக்கு வந்து அடி," என்றா. "இண்டைக்கு ஒரு நாள் சும்மா கிடக்கட்டும். தெருவாலை போறவை பாக்கட்டும்."